அண்ணாச்சி, அந்த மீட்டரைக் கொஞ்சம் பாருங்க!

"நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா அண்ணாச்சி?"

வாசுதேவநல்லூரில் எந்தக் கடைத் திண்ணையில் உட்கார்ந்து மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், டீ ஆறுவதற்குள் இந்தக் கேள்வி வந்து விழும். கோயம்புத்தூர்க்காரன் செய்வான், சென்னையில் கம்பெனிக்காரன் செய்வான், நாம எங்கே என்று ஒரு பெருமூச்சும் கூடவே வரும். கேட்கிறவர் சாதாரண ஆள் இல்லை. அரிசி ஆலை வைத்திருப்பவர், பள்ளிக்கூடத் தாளாளர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், பேரூராட்சி உறுப்பினர், கல்யாண மண்டபம் கட்டியவர். ஊருக்குள் நிமிர்ந்து நடக்கிற மனிதர்கள். கரண்ட் பில் வருகிற அன்றைக்கு மட்டும் ஏன் ஐயா இந்தக் கூன்?

பில்லைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். மின்வாரியத்தைத் திட்டுகிறோம், அரசாங்கத்தைத் திட்டுகிறோம். திட்டி முடித்துவிட்டு, ஆள் இல்லாத அறையில் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து பணம் கட்ட ஆள் அனுப்புகிறோம். போதும்.

மேற்கே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று புகுந்து வரத் தமிழ்நாட்டுக்கு மூன்று பெரிய வாசல்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. நடு வாசல் நம்முடையது. குற்றாலத்தில் சாரலாய் விழுகிற அதே தென்மேற்குக் காற்று, ஈரத்தை மலையில் இறக்கி வைத்துவிட்டுச் சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பொட்டல்களில் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொன்ன சனம் நாம். 1986இல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் காற்றாலைகளை நட்டபோது அவை வேடிக்கைப் பொருளாக இருந்தன. இன்றைக்குத் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பஸ் ஜன்னல் வழியாக அந்த இறக்கைகளைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. 'யாரோ முதலாளியோடது' என்று தலையைத் திருப்பிக்கொள்கிறோம்.

முதலாளி என்றால் யார்? ஒரு கிராமப் பஞ்சாயத்து முதலாளி ஆனது தெரியுமா உங்களுக்கு?

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. கரண்ட் பில்தான் அங்கேயும் பிரச்சினை. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. நம் பேரூராட்சியில் இருப்பவர்களைக் கேளுங்கள், இதே கதையைச் சொல்வார்கள். அப்போது தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. முதலில் 2003இல் மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். கை வந்துவிட்டது. அடுத்து ஒரு பஞ்சாயத்து கனவிலும் நினைக்காததை நினைத்தார்கள்: சொந்தமாக ஒரு காற்றாலை!

விலை 1 கோடியே 55 லட்சம். கையில் இருந்த சேமிப்பு 40 லட்சம். மிச்சம் 1 கோடியே 15 லட்சத்தை வங்கியில் கடன் கேட்டார்கள். ஒரு பஞ்சாயத்துத் தலைவர் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து, 'காற்றாலை வாங்கக் கடன் கொடுங்கள்' என்று கேட்கிற காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிரிப்பு வருகிறதா? 2006இல் 350 கிலோவாட் காற்றாலை எழுந்து நின்றது. அதுவும் அவர்கள் ஊரில் இல்லை. காற்று எங்கே நன்றாக அடிக்கிறதோ அங்கே, உடுமலைப்பேட்டைப் பக்கம். உற்பத்தியான யூனிட்டை வாரியத்தின் கம்பியில் ஏற்றி, தங்கள் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். 'வீலிங்' என்று தொழிலில் சொல்வது இதைத்தான். ஆண்டுக்குக் கிடைத்தது சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊருக்குத் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை வாரியத்துக்கே விற்றார்கள். கடனை அந்தக் காற்றே அடைத்தது.

ஓடந்துறைக்காரர்கள் காற்றைத் தேடிப் போனார்கள் அண்ணாச்சி. நமக்குக் காற்று கதவைத் தட்டிக்கொண்டு வருகிறது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்க எனக்கு வாய் கூசவில்லை. உங்களுக்குக் கேட்கக் காது கூசினால் நல்லது.

'அது வேற ஜில்லா' என்று ஒரு குரல் வருகிறது. சரி, நம் சீமைக்கே வருவோம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை கட்டினார்களே, எதை நம்பி? பாபநாசத்தில் தாமிரபரணி விழுகிற விசையை நம்பி. ஆற்றுத் தண்ணீர்தான் அந்த எந்திரங்களைச் சுற்றியது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையமே வந்துவிட்டது. 'பசுமை எரிசக்தி' என்ற பெயரே பிறக்காத காலத்தில் பொதிகை மலைத் தண்ணீரில் தொழில் நடத்திய பூமி இது. வெள்ளைக்காரன் வந்து நம் அருவியில் காசு பார்த்தான். நாம் அதே அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தோம். குளியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து கணக்கையும் பாருங்கள்.

எங்கே தொடங்குவது? எல்லோரும் சோலார் என்பார்கள். விற்கிறவர் வருவார், வழவழப்பான அட்டை காட்டுவார், மாடியை அளப்பார். கொஞ்சம் பொறுங்கள். ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கிணறு வெட்டுகிறவனை என்னவென்று சொல்வோம்? முதலில் உங்கள் கட்டடம் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.

அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அலுவலகம் பூட்டியிருக்க வேண்டும், ஆள் யாரும் இருக்கக் கூடாது. மீட்டர் பெட்டி முன்னால் போய் நில்லுங்கள். ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். மீட்டரிலேயே ஓர் எண் அச்சடித்திருக்கும், 3200 என்று வைத்துக்கொள்வோம். அந்த விளக்கு 3,200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் போயிற்று என்று அர்த்தம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 16 சிமிட்டல் வந்தால்? மணிக்கு 960. அதாவது 300 வாட், ஆளே இல்லாத கட்டடத்தில்! ஆண்டு முழுக்க இப்படிப் போனால் 2,600 யூனிட்டுக்கு மேல். அணைக்காத தண்ணீர்க் கூலர், தூங்காத கணினிகள், பழைய ஸ்டெபிலைசர், கழிவறையில் எரியும் குண்டு பல்பு, எல்லாம் சேர்ந்து உங்களிடம் சம்பளம் வாங்குகின்றன. வேலை செய்கிற ஆளுக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுக்க எவ்வளவு யோசிக்கிறோம்! (பெரிய இணைப்புகளில் சிடி என்கிற மின்னோட்ட மாற்றி வைத்த மீட்டர் இருக்கும். அதற்குப் பெருக்கல் எண் தனி. உங்கள் எலக்ட்ரீஷியனைக் கேட்டால் சொல்வார்.)

அடுத்து பில். எத்தனை முதலாளிகள் பில்லில் கடைசித் தொகையைத் தவிர வேறு வரியைப் படித்திருக்கிறீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். உயரழுத்த இணைப்பு வைத்திருக்கிற மில்காரர் அந்தக் காகிதத்தை ஜாதகத்தைப் படிப்பது மாதிரிப் படிக்க வேண்டும். பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே இறங்கினால் அபராதம். அதைத் தூக்கிப் பிடிக்கிற கெபாசிட்டர் ஒன்று செத்துக் கிடப்பதை யாரும் கவனிக்காமல் மாதாமாதம் தண்டம் கட்டுகிற மில்கள் உண்டு. காலையிலும் மாலையிலும் பீக் ஹவரில் ஓட்டினால் யூனிட் விலையில் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி. தண்ணீர் ஏற்றுவது, மாவு அரைப்பது போன்ற எந்த நேரத்திலும் செய்யக்கூடிய வேலையைப் பீக் ஹவரில்தான் செய்வேன் என்று அடம்பிடிக்க உங்களுக்கு என்ன நேர்த்திக்கடனா?

இனி மோட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வட்டாரத்தில் கரண்டைத் தின்பதில் பெரிய வாய் இதற்குத்தான். 10 எச்.பி. மோட்டார் ஒன்று, ஒரு நாளைக்கு 16 மணி நேரம், வருடத்தில் 300 நாள் முழு பாரத்தோடு ஓடினால் சுமார் 40,000 யூனிட் குடிக்கும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் 3 லட்சத்துக்கு மேல். மோட்டாரை வாங்கிய விலை இதற்கு முன்னால் தூசி. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காயில் கருகினால் கட்டுகிறோம். மறுபடி கருகினால் மறுபடி கட்டுகிறோம். நாலு தடவை காயில் கட்டிய மோட்டாரை 'இன்னும் ஓடுதுல்ல' என்று பெருமையாகத் தட்டிக்கொடுக்கிறோம். ஓடுகிறது, உங்கள் பாக்கெட்டின் மேல் ஓடுகிறது. திறன் 86 சதவீதத்துக்கு இறங்கிப்போன பழைய மோட்டாரை எடுத்துவிட்டு, 90 சதவீதத்துக்கு மேல் திறன் கொண்ட ஐஇ3 வகை மோட்டாரைப் போட்டால் மேலே சொன்ன ஓட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 யூனிட் மிச்சம். பெல்ட் தொய்ந்திருக்கிறதா, பேரிங் கத்துகிறதா, 10 எச்.பி. தேவையான இடத்தில் 20 எச்.பி. உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இதற்கும் முந்தின வேலை.

மின்விசிறிக்கு வாருங்கள். பழைய விசிறி 75 வாட். புதிய பிஎல்டிசி விசிறி 28 வாட். உடனே எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் சுற்றுகிற நர்சிங் ஹோம் வார்டில் ஒரு விசிறிக்கு ஆண்டுக்கு 300 யூனிட் மிச்சமாகும். போட்ட பணம் ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். அங்கே இன்றைக்கே மாற்றுங்கள். பள்ளிக்கூடத்தில் ஏழு மணி நேரம், அதுவும் 200 நாள்தான். பணம் திரும்ப ஐந்தாறு ஆண்டு பிடிக்கும். அங்கே பழைய விசிறி பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். இப்படி யோசிக்கிறவனைக் கருமி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்!

அரிசி ஆலைக்காரருக்கு ஒரு வார்த்தை. நூறு கிலோ நெல் அரைத்தால் சுமார் இருபது கிலோ உமி. நெல் அவிக்கிற பாய்லருக்கு அதுதான் எரிபொருள், நிலக்கரிக்காரன் தயவு உங்களுக்குத் தேவையில்லை. கேள்விப்பட்டவுடனே பெருமைப்படலாம். ஆனால் பாய்லரிலிருந்து போகிற ஆவிக்குழாயைக் கையால் தொட முடியாத அளவுக்கு வெறும் இரும்பாக விட்டு வைத்திருக்கிறீர்களே, அது யாரைக் காய்ச்ச? குழாய்க்குக் கவசம் சுற்றுங்கள். உமியை மழையில் நனைய விடாதீர்கள். மிச்சமாகிற உமியை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது.

ஒழுகல் அடைந்த பிறகு மாடிக்கு ஏறுங்கள். ஒரு கிலோவாட் சோலாருக்கு நூறு சதுர அடி நிழல் விழாத இடம். சராசரியாக நாளைக்கு நாலு யூனிட். வெயில் நேரத்தில் வேலை நடக்கிற பள்ளி, வங்கி, அலுவலகம், பட்டறை இவற்றுக்கு இது கச்சிதம். இரவில் மட்டும் களைகட்டுகிற மண்டபத்துக்கு அவ்வளவு ஒத்துவராது, அதையும் சொல்லிவிட வேண்டும். விற்கிறவர் வாயைத் திறக்காத இன்னொன்றும் உண்டு. பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேன் உயிர் போகக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. 'லட்சக்கணக்கில் போட்டும் கரண்ட் போனா இருட்டாத்தான் இருக்கு' என்று பிறகு ஒப்பாரி வைக்காதீர்கள்.

நம் மலையடிவாரத்துக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, கவனித்தீர்களா? மாசி, பங்குனி, சித்திரையில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது சோலார் துள்ளும். ஆனி, ஆடியில் மலையில் மேகம் உட்கார்ந்து சோலார் சோம்பும்போது காற்றாலை பேய் பிடித்த மாதிரிச் சுற்றும். ஒன்று ஓயும்போது மற்றொன்று எழுகிறது. தனியாக ஒரு காற்றாலை வாங்க வசதி இல்லையா? பத்து நிறுவனங்கள் சேர்ந்து பேசுங்கள். சீட்டுப் பிடிக்கச் சேருகிறோம், கோயில் கொடைக்குச் சேருகிறோம், இதற்குச் சேர முடியாதா?

கொச்சி விமான நிலையம் எப்படித் தொடங்கியது தெரியுமா? நம்மூர்ப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போக மலை தாண்டிப் போகிற அதே விமான நிலையந்தான். 2013இல் கூரையில் வெறும் 100 கிலோவாட் போட்டுப் பார்த்தார்கள். நம்மூர்ப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று போடக்கூடிய அளவு. சரியாக வருகிறது என்று தெரிந்ததும் ஒரு மெகாவாட். 2015 ஆகஸ்ட் 18 அன்று 12 மெகாவாட் நிலையம் திறந்து, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் ஆனார்கள். பகலில் மிஞ்சுவதை லைனுக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். பலகைகளின் இடையே காய்கறி வேறு விளைவிக்கிறார்கள், மலையாளி மூளை!

சந்தேகம் தீரவில்லையா? பாதியில் செய்து பாருங்கள். இன்ஃபோசிஸ் ஹைதராபாத் வளாகத்தில் ஒரு கட்டடம் கட்டியபோது இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி. மறு பாதிக்குத் தளத்துக்குள்ளேயே குளிர்ந்த தண்ணீர்க் குழாய் ஓடவிட்டுக் குளிர்விக்கும் முறை. ஒரே கட்டடம், ஒரே வெயில். தண்ணீர்க் குழாய்ப் பாதி மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குறைத்துக் காட்டியது. அதன்பிறகு வாய்ச்சண்டைக்கு இடமில்லை. பாதிப் பாதியாக நின்று முழுமை காட்டுகிற அர்த்தநாரீஸ்வரர் குடியிருக்கிற ஊர் நமது. ஒரு வராண்டாவில் பாதிக்கு எல்இடி போட்டு, பாதியை அப்படியே விட்டு, தனித்தனிச் சப்-மீட்டர் வைத்துப் பார்க்க நமக்கா சொல்லித்தர வேண்டும்?

ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவர் பெயரை மேடைக்கு மேடை இழுக்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனாலும் அவர் வசம் இருந்த இந்த ஊரின் கோட்டையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆங்கிலேயக் கம்பெனியின் தளபதி யூசுப்கான் படையோடு வந்து மோதிய வாசுதேவநல்லூர்க் கோட்டை மண்ணால் கட்டியது. பிடிக்க முடியாமல் திரும்பினார். பிறகு மேலும் பலத்தோடு வந்துதான் பிடிக்க முடிந்தது. வெளிநாட்டுக் கல்லுக்காகக் காத்திருந்து கட்டிய கோட்டை இல்லை அது. காலடியில் கிடந்த மண்! நம் காலடியில் உமி கிடக்கிறது, தலைக்கு மேல் வெயில் கிடக்கிறது, காது இரைய இரையக் காற்று போகிறது. நாமோ மானியம் எப்போது வரும் என்று பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

மானியம் வந்தால் வாங்குங்கள், அது உங்கள் வரிப்பணம். வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் அடிமைப் புத்தி.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். மரக்கன்று நட்டு போட்டோ எடுத்து, 'பசுமை நிறுவனம்' என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு, உள்ளே கதவைத் திறந்து போட்டு ஏ.சி.யை 18இல் ஓட்டுகிற வேலை இனி வேண்டாம். 24இல் வையுங்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2020 முதல் புதிய ஏ.சி.களை ஆரம்பமே 24இல் வைத்து விற்கச் சொல்லியிருப்பது சும்மா இல்லை. ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் பில் இறங்கும்.

தம்பி, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்காகத் திருப்பூர் பஸ்ஸுக்கு நிற்கிறாயே, உனக்கும் இதில் பங்கு உண்டு. கிளாம்ப் மீட்டர் பிடிக்கத் தெரியும், மோட்டார் கழற்றத் தெரியும், சப்-மீட்டர் மாட்டத் தெரியும். இந்தச் சாலையில் புளியங்குடி முதல் சிவகிரி வரை எத்தனை ஆலை, எத்தனை பள்ளி, எத்தனை ஆஸ்பத்திரி! அத்தனைக்கும் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இல்லை. முதல் கட்டடத்தைச் சும்மா பார்த்துக் கொடு. இரண்டாவதுக்குக் கூலி கேள். எரிசக்தித் தணிக்கை என்பது பெரிய படிப்பு, அதற்குத் தேர்வு எழுதிச் சான்று வாங்க டிப்ளமாவோ பட்டமோ, கூடவே அனுபவமும் வேண்டும். மேலே படித்து, போய் எழுது. 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று என்னிடம் சொல்லாதே, மீட்டருக்கு எந்த மொழியும் தெரியாது.

நிர்வாகிகளே, அடுத்த கமிட்டிக் கூட்டம் எப்போது? கடந்த பன்னிரண்டு மாத பில்லையும் வரிசையாகத் தைத்து மேசைமேல் வையுங்கள். முதல் பொருளே அதுவாக இருக்கட்டும், கடைசியில் டீ வந்த பிறகு பேசுகிற பொருளாக வேண்டாம். ஒருவர் பெயரைத் தீர்மானத்தில் எழுதி, மாதம் ஒன்றாம் தேதி மீட்டர் எண்ணை எழுதி வைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்குள் முதல் பத்து ஒழுகலை அடைத்துவிடுகிறோம் என்று நாள் குறியுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிறவரையும் வரச் சொல்லுங்கள். எந்த மோட்டார் கொதிக்கிறது, எந்த வால்வு மூடாது, எந்த விளக்கு பகலிலும் எரிகிறது என்பதெல்லாம் அந்த மனிதருக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் அவரை யாரும் கேட்டதில்லை. கதவோரம் நிற்க விடாமல், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, அவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.